தொடர்வண்டி வந்தபின் கிடைத்த வீடு

நியூயார்க் மாநகரின் மேற்கு ஓரத்தில், ஹட்சன் ஆற்றங்கரையை ஒட்டி, ரிவர்சைடு பூங்கா நீண்டு கிடக்கிறது. அதன் புல்தரைக்குக் கீழே ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் இருப்புப்பாதைச் சுரங்கம் செல்கிறது. அச்சுரங்கத்தில் பல்லாண்டுகள் குடியிருந்த மனிதரைப் பற்றி மார்க் சிங்கர் என்னும் ஆங்கிலேய இளைஞர் எடுத்த 'டார்க் டேஸ்' என்ற ஆவணப்படம் 2000ஆம் ஆண்டு ஜனவரியில் சன்டான்ஸ் திரைவிழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. பார்வையாளர் விருது, ஒளிப்பதிவு விருது, கருத்துரிமைக்கான விருது ஆகிய மூன்றையும் அது அவ்விழாவில் பெற்றது. கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. படம் இன்னும் பழையதாகவில்லை. அது பழையதாகியிருக்க வேண்டும் என்பதே நம் மனக்குறை.

நிலத்தடி வாழ்நரைப் பற்றி அந்நாட்களில் அமெரிக்காவில் கதைகளுக்குப் பஞ்சமில்லை. 'மோல் பீப்பிள்', அதாவது அகழெலி மனிதர், என்று அவர்களுக்குப் பெயரிட்டிருந்தனர். அதே பெயரில் ஜெனிபர் டோத் என்ற செய்தியாளர் 1993இல் எழுதிய நூல் பரவலாகப் பேசப்பட்டது. தமக்கெனத் தலைவரும் சட்டமும் கொண்ட கூட்டங்கள் மண்ணுக்கடியில் வாழ்வதாக அந்நூல் கூறியது. மாநகரின் சுரங்கங்களை நன்கறிந்தவர்களோ அது விவரிக்கும் இடங்களுட் சில இருப்பதற்கே வழியில்லை என்று மறுத்தனர். மேலே வாழ்வோர்க்குக் கீழே வாழ்வோர் விலங்கினமாகத் தோன்றுவது வசதியாகத்தான் இருந்தது. விலங்குக்கு வாடகை வீடு தேடித்தர வேண்டிய கடமை எந்த நகராட்சிக்கும் இல்லை அல்லவா!

சிங்கரின் படம் இக்கதைகளை மறுத்து வாதிடவில்லை. வாசற்கதவைத் திறந்து உள்ளே வரச்சொல்கிறது. ஒருவர் கண்ணாடி முன் நின்று முகம் மழிக்கிறார். ஒருவர் மின்னடுப்பில் காலையுணவு சமைக்கிறார். ஒருவர் தம் நாய்களைக் கொஞ்சுகிறார். ஒட்டுப்பலகைச் சுவர்கள், பூட்டு மாட்டிய கதவு, உள்ளே கட்டில், நாற்காலி, வானொலி என்று வீட்டுக்குரிய யாவும் இருக்கின்றன. மாநகரின் மின்தடத்திலிருந்து இழுத்துவந்த கம்பியால் விளக்கு எரிகிறது. குழாய் ஒழுகுமிடமே குளிக்குமிடம். தண்ணீரோ எலும்பைத் துளைக்கும் குளிர். எலிகளோடு மல்லுக்கட்டுவது அன்றாடக் கடமை. சண்டை, சமாதானம், கிண்டல், கடன் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்டு நச்சரிப்பது ஆகிய எல்லாம் எந்தத் தெருவிலும் உள்ளபடியே அங்கும் நடக்கின்றன. அவர்கள் சிரிக்கும்போது நாமும் சிரித்துவிடுகிறோம். படத்தின் பெருவெற்றி அதுவே என்போம்.

அவர்கள் சோம்பர் அல்லர் என்பதும் நமக்குப் புலனாகிறது. நியூயார்க் மாநிலம் 1982இல் ஒரு சட்டம் இயற்றிற்று. பானக்குப்பி, தகரக்குவளை ஒவ்வொன்றுக்கும் ஐந்து சென்ட் முன்பணம் பெறவேண்டும். வெற்றுக்குப்பியைத் திருப்பித் தருவோர்க்கு அதனை மீள அளிக்கவேண்டும். தெருத்தூய்மைக்கென எழுந்த அச்சட்டம் எவரும் எண்ணிப்பாராத ஒரு தொழிலைத் தோற்றுவித்தது. விடியுமுன் மேலேறி, குப்பைப் பைகளை அவிழ்த்து, குவளைகளைப் பொறுக்கி, பையை மீண்டும் கட்டிவைத்து, நூறு குவளைக்கு ஐந்து டாலர் ஈட்டும் தொழில் அது. செல்வர் வீட்டார் வீசியெறிந்த நூல்களையும் மின்கருவிகளையும் எடுத்துச் செப்பனிட்டுத் தெருவோரத்தில் விற்றவர்களும் உண்டு. வாரம் ஏழு நாளும் உழைத்தும் மன்ஹாட்டனில் ஓர் அறையின் மாத வாடகையை எட்டமுடியாத வருவாய் அவர்களுடையது. உழைக்க மறுத்தவர் வீடிழந்தார் என்ற பழைய பல்லவியை இன்றும் பாடுவோர் இக்காட்சிகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பாடட்டும்.

துயரத்தையும் படம் மறைக்கவில்லை. 'கிராக்' எனப்படும் கொக்கெய்ன் கட்டியைப் புகைப்பவர்களை அது நேருக்கு நேர் காட்டுகிறது. தாம் சிறையில் இருந்தபோது வீட்டில் மூண்ட தீக்குத் தம் இரு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் ஒருவர் பேசுகிறார். சின்னஞ்சிறு மகளைக் கொடியோர் கைக்குப் பலிகொடுத்த தந்தை ஒருவர் பேசுகிறார். இவற்றை முன்னே நிறுத்தி நம் கண்ணீரைப் படம் கோரவில்லை. அவர்களோடு நாம் போதிய அளவு பழகிய பின்னர் அவர்களே தம் வாயால் சொல்கிறார்கள். அப்போது இரக்கத்தினும் முந்தி வெட்கமே நம் நெஞ்சில் எழுகிறது.

இப்படம் உருவான முறையும் எண்ணத்தக்கது. சிங்கர் அதற்குமுன் திரைப்படக் கருவியைக் கையால் தொட்டறியாதவர். தெருவில் வாழ்வோரோடு நட்பாகி, அவர்கள் வழியே சுரங்கத்துக்குச் சென்று, அங்கேயே தங்கத் தொடங்கியவர். யாரேனும் இதைப் படமாக எடுத்தால் என்ன என்ற எண்ணம் சுரங்கவாசிகளிடையேதான் பிறந்தது. படத்தால் பணம் வந்தால் அதைக்கொண்டு அவர்களை வெளியே குடியமர்த்தலாம் என்பது சிங்கரின் கணக்கு. வண்ணத்தில் எடுத்தால் ஒளியமைப்புப் பிழைகள் காட்டிக்கொடுத்துவிடும் என்ற அச்சத்தால் 16 மில்லிமீட்டர் கறுப்பு வெள்ளைச் சுருளைத் தேர்ந்தார். கலைநுணுக்கம் என்று திறனாய்வாளர் பின்னாளில் வியந்தது இவ்வாறு இல்லாமையில் பிறந்தது. படக்குழுவாகப் பணியாற்றியவர்கள் சுரங்கவாசிகளே. விளக்கைத் தூக்கியவர், மின்சாரம் இழுத்தவர், படக்கருவி நகரும் வண்டியைச் செய்தவர் ஆகிய அனைவரும் அங்குள்ள குடிசைகளில் உறங்கியவர்கள். கையிருப்பு முழுதும் கரைந்து இயக்குநரே வீடற்றவராக நின்ற காலமும் இருந்தது.

ஆவணப்படக் கலையின் அறம் பற்றிய பழைய வழக்கு ஒன்று உண்டு. கண்முன் ஒருவன் துன்புறும்போது படக்கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்பது தகுமா? ஓராண்டு கழித்து, 2001இல், எடெட் பெல்ஸ்பர்க் எடுத்த 'சில்ட்ரன் அண்டர்கிரவுண்ட்' என்ற படம் இக்கேள்வியை இன்னும் கூர்மையாக எழுப்பிற்று. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டின் சுரங்க நிலையம் ஒன்றில் வாழ்ந்த ஐந்து சிறுவர் சிறுமியரை அது பின்தொடர்ந்தது. 1966இல் சவுசெஸ்கு ஆட்சி கருக்கலைப்பைத் தடைசெய்து மக்கட்பெருக்கை வலிந்து தூண்டியதும், அவ்வாட்சி வீழ்ந்தபின் வறுமையும் சிதைந்த குடும்பங்களும் பிள்ளைகளைத் தெருவுக்குத் தள்ளியதும் அப்படத்தின் பின்புலம். வண்ணப்பூச்சின் நெடியை நெகிழிப்பையில் அடைத்து முகரும் குழந்தைகளை அதில் காண்கிறோம். ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதையும் காண்கிறோம். தலையிடாத கருவி பதிவு செய்துகொண்டே போகிறது. அப்படத்தின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆயினும் பார்த்து முடித்தபின் நெஞ்சில் ஒரு கசப்புத் தங்குகிறது. நியூயார்க் படத்தில் அக்கசப்பு இல்லை. எடுக்கப்பட்டவரே எடுத்தவருமாக இருந்ததே காரணம். வளர்ந்தோர் தம் வாழ்வைத் தாமே படமாக்க ஒப்புவது ஒன்று. ஒப்புதல் என்பது யாதென்று அறியாத பிள்ளைகளைப் படமாக்குவது வேறொன்று.

சுரங்கத்தின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். அதில் ஓர் அரசியல் பாடம் இருக்கிறது. 1930களின் பெருமந்தக் காலத்தில் அதே ஆற்றங்கரையில் வேலையிழந்தோர் குடிசைகள் எழுந்தன. முதல் உலகப்போரில் பொருது திரும்பிய வீரர் சிலர் 'தாமஸ் பெய்ன் முகாம்' என்று பெயரிட்டு ஒழுங்கான குடியிருப்பொன்றை அங்கு அமைத்திருந்தனர். 1934இல் பூங்கா ஆணையராக வந்த ராபர்ட் மோசஸ் அவர்களை அப்புறப்படுத்தினார். கரையோரம் கால்நடையும் நிலக்கரியும் ஏற்றிச்சென்ற சரக்கு வண்டிகளின் புகையும் நாற்றமும் ரிவர்சைடு மாளிகைவாசிகளுக்குத் தொல்லையாக இருந்தன. இருப்புப்பாதைக்கு மேல் கூரையிட்டு, கூரைமேல் பூங்கா அமைத்தார் மோசஸ். 1937இல் 'மேற்குக்கரைச் சீரமைப்பு' என்ற பெயரால் அத்திட்டம் நிறைவெய்தியது. அவ்வாறு மூடப்பட்ட தடமே பின்னாளைய சுரங்கக் குடியிருப்பு. கண்ணில் படாதிருக்கட்டும் என்று கட்டிய கூரைக்கடியில், கண்ணில் படக்கூடாதவர் என்று கருதப்பட்ட மக்கள் ஐம்பதாண்டு கழித்துக் குடியேறினர்.

1980களின் தொடக்கத்தில் சரக்குப் போக்குவரத்து நின்றது. வெற்றுத்தடம் வீடற்றோரை ஈர்த்தது. மழையில்லை, காவலர் தொல்லை குறைவு, குளிர்காலத்தில் மேலேயுள்ள காற்றின் கொடுமை இல்லை. பூங்காவின் காற்றுப்போக்கிக் கம்பிவலைகள் வழியே ஒளிக்கற்றைகள் இறங்கும் இடங்களில் கிறிஸ் பேப் என்ற ஓவியர் சுவர்களை ஓவியமாக்கினார். ஸ்பானிய ஓவியர் கோயாவின் புகழ்பெற்ற மரணதண்டனை ஓவியத்தையும் அங்கே பெரிதாக வரைந்தார். 'ஃபிரீடம்' என்பது அவர் இட்டுக்கொண்ட புனைபெயர். அதனால் 'ஃபிரீடம் சுரங்கம்' என்று அவ்விடத்துக்குப் பெயர் வாய்த்தது. விடுதலை என்னும் பெயர்கொண்ட இருட்டறை! பிற்காலத்தில் தொடர்வண்டி நிறுவனம் அவ்வோவியங்களுட் பலவற்றின்மேல் வண்ணம் பூசிவிட்டது.

இனி, அம்மனிதர் சுரங்கம் புக நேர்ந்தது ஏன் என்று பார்க்கவேண்டும். போதைப்பழக்கம் என்று ஒரு சொல்லில் முடிப்போர் பலர். மனநோய் மருத்துவமனைகளை மூடியது என்போர் சிலர். நியூயார்க் மாநில மனநல மருத்துவமனைகளில் 1955இல் 90,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர் என்பதும், அவர்களுட் பெரும்பாலோர் பின்னர் போதிய மாற்றேற்பாடு இன்றி வெளியே விடப்பட்டனர் என்பதும் உண்மைதான். ஆனால் இவ்விரண்டினும் பெரிய காரணம் ஒன்று அரசின் கையாலேயே விளைந்தது.

தனிமனிதர் தங்கும் ஒற்றையறை விடுதிகள் நியூயார்க்கில் ஒருகாலத்தில் மிகுதி. நால்வருக்கோ எண்மருக்கோ பொதுவான கழிப்பறை, பொதுவான சமையலிடம், கட்டிலும் மேசையும் போடும் அளவுக்கு ஓர் அறை. அழகில்லை, தூய்மையும் அவ்வளவாக இல்லை. ஆனால் கதவு உண்டு, சாவி உண்டு, கூலிவேலை செய்பவன் கொடுக்கத்தக்க வாடகை உண்டு. இவை நாகரிக நகருக்கு இழுக்கு என்று கருதிய நகராட்சி 1955இல் புதிய ஒற்றையறைகள் அமைப்பதைத் தடைசெய்தது. பின்னர் இருந்தவற்றையும் இடித்து அடுக்கு வீடுகளாக மாற்றும் உடைமையாளருக்கு வரிச்சலுகையே அளித்தது. 1980களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறைகள் மறைந்தன. விழித்துக்கொண்ட நகராட்சி அத்தகைய மாற்றங்களைத் தடுக்க 1980களின் நடுவில் சட்டம் செய்தபோது, அது உடைமையுரிமையைப் பறிப்பது என்று கூறி மாநில உயர்முறையீட்டு மன்றம் 1989இல் அச்சட்டத்தைத் தள்ளிற்று. வரிப்பணத்தைச் செலவிட்டு மலிவான அறைகளை ஒழித்த அரசு, அவ்வறைகளில் இருந்தவர் எங்கே போனார் என்று வியந்து நின்றது. அவர் போன இடத்தைத்தான் சிங்கர் படம்பிடித்தார்.

நியூயார்க் அரசு அடியோடு கைகழுவிவிட்டது என்று நாம் கூறவில்லை. வறியோரைப் பேணுதல் பொதுக்கடமை என்பது அம்மாநில அரசமைப்பிலேயே 1938இல் எழுதப்பட்டிருக்கிறது. ராபர்ட் ஹேய்ஸ் என்ற இளம் வழக்கறிஞர் 1979இல் அவ்விதியைக் கையிலேந்தி நீதிமன்றம் சென்றார். வீடற்ற ஆடவர்க்கு உறைவிடம் தருவது அரசின் கடமை என்ற ஒப்பந்தத் தீர்ப்பு 1981 ஆகஸ்டில் எழுதப்பட்டது. கட்டிலின் அகலம் 30 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்பது முதலாக அத்தீர்ப்பில் விவரங்கள் உள. எவர் பெயரால் வழக்குத் தொடரப்பட்டதோ அந்த ராபர்ட் கலகன் தீர்ப்பு கையெழுத்தாகுமுன்னே தெருவிலேயே இறந்துபோனார்.

தீர்ப்பு வந்தது, அதனை நிறைவேற்றிய விதமோ வேறு. போர்ட் வாஷிங்டன் படைக்கலக் கூடத்தில் ஒரே கூரையின்கீழ் ஏறத்தாழ ஆயிரம் ஆடவர் கட்டில் கட்டிலாகக் கிடத்தப்பட்டனர். காலணியைக் கட்டில்காலுக்கு அடியில் செருகிக்கொண்டு உறங்கவேண்டிய இடம். காசநோய் பரவியது; களவும் அடிதடியும் மலிந்தன. இத்தகைய உறைவிடத்தினும் சுரங்கமே மேல் என்று அவர்கள் முடிவுசெய்ததில் அறிவின்மை ஒன்றுமில்லை. சுரங்கத்தில் பூட்டிய கதவு இருந்தது, நாய் இருந்தது, எழும் நேரத்தையும் உண்ணும் நேரத்தையும் எவரும் மணியடித்து அறிவிக்கவில்லை. உதவியை மறுக்கிறார்கள் என்று அதிகாரிகள் அவர்களைக் குறைகூறினர். எத்தகைய உதவியை மறுத்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டாமா?

இனி நாம் சொல்லவந்த செய்திக்கு வருவோம். பத்தாண்டுகளுக்கு மேல் எவரும் இம்மக்களைக் கருதவில்லை. ஆல்பனி பக்கத்திலிருந்து வரும் பயணியர் வண்டிகளைப் பென் நிலையத்துக்குத் திருப்ப விரும்பிய ஆம்ட்ராக் நிறுவனம் அத்தடத்தைச் செப்பனிட்டு 1991 ஏப்ரலில் வண்டிகளை விட்டது. குடிசைகளின் வாசலுக்கு எதிரே விரைவு வண்டிகள் பறந்தன. 1990களின் நடுவில், காலிசெய்க என்ற ஆணையோடு ஆயுதமேந்திய காவலர் வந்தனர். படத்தின் பிற்பகுதியில் இதைக் காண்கிறோம். இத்தனை ஆண்டு எங்கே போவார் என்று கேட்காதவர்கள் எப்போது போவார் என்று கேட்டு வந்து நின்றனர்.

வீடற்றோர் கூட்டமைப்பு என்ற தொண்டு நிறுவனமும் சிங்கரும் நடுவே புகுந்து பேசினர். அப்போது வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறைச் செயலராக இருந்த ஹென்றி சிஸ்னெரோஸ் சுரங்கவாசிகளுக்கென வாடகை உதவிச் சீட்டுகள் கிடைக்கச் செய்தார். 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது அவ்வுதவி. குடியிருப்பவர் தம் வருவாயில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு கொடுத்தால் எஞ்சிய வாடகையை அரசு ஏற்கும். படத்தின் இறுதியில் தாங்கள் கட்டிய குடிசைகளைத் தாங்களே சம்மட்டியால் அடித்து நொறுக்குகிறார்கள் அம்மக்கள். அவ்வளவு மகிழ்ச்சியோடு எவரும் தம் வீட்டை இடித்து நாம் கண்டதில்லை. பின் வெயில் விழும் சாளரங்களுள்ள வெற்று அறைகளில் நின்று, இது எனக்கா என்று கேட்பவர்போல் சுற்றுமுற்றும் பார்க்கிறார்கள்.

இக்காட்சி கண்டு உருகாதார் இல்லை. உருகியபின் ஒரு கேள்வி எழவேண்டும். அந்தச் சீட்டு 1985இல் இல்லையா? 1990இல் இல்லையா? சட்டம் இருந்தது, துறை இருந்தது, நிதிநிலை அறிக்கையில் தலைப்பும் இருந்தது. தடத்தில் வண்டி ஓடவேண்டிய தேவை வந்தபின்னரே அது கிடைத்தது. ஆம்ட்ராக்கும் நடுவண் அரசின் பணத்தில் இயங்கும் நிறுவனம். சீட்டளித்ததும் நடுவண் அரசின் துறை. ஒரு கை விரட்டிய பின்னரே மறுகை நீண்டது. சுரங்கவாசிகள் வீடு பெற்றது அவர்களது துன்பத்தின் அளவுக்காக அன்று. அவர்கள் இருந்த இடம் பிறருக்குத் தேவைப்பட்டதற்காக. எவருக்கும் தேவைப்படாத பாலத்தடியிலும் வாசற்படியிலும் கிடந்த எண்ணற்றோர்க்கு அவ்வாண்டு எந்தச் சீட்டும் வரவில்லை. சிஸ்னெரோசின் செயலைக் குறைகூற நமக்கு மனமில்லை. அவர் செய்தது நன்று. ஆனால் அதை அமெரிக்க அரசின் கருணைக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவோர் படத்தை அரைக்கண்ணால் பார்த்தவர்கள்.

போதையில் மூழ்கியவனுக்கு வீடு கொடுத்தால் அவன் அதையும் புகையாக்கிவிடுவான் என்று ஒரு வாதம் உண்டு. இதைப் புறந்தள்ளுவதற்கில்லை. சுரங்கத்திலிருந்து குடிபெயர்ந்த அனைவரும் நிலைத்து வாழ்ந்தனர் என்று எவரும் சொல்லவில்லை. 1990களின் நடுவில் அதே சுரங்கத்தில் மாதக்கணக்கில் தங்கி நூலெழுதிய டச்சு நாட்டுப் புகைப்படச் செய்தியாளர் தேன் வூட்டன் பல்லாண்டு கழித்து அவர்களைத் தேடியபோது, நன்னிலையில் இருந்தோரையும் கண்டார், மாண்டோர் செய்தியையும் கேட்டார். ஆனால் தனியொருவர் வாழ்வைக் கொண்டு ஒரு கொள்கையைத் தீர்ப்பிடலாகாது. அதற்கு ஆய்வு வேண்டும். அவ்வாய்வும் அதே நியூயார்க்கிலேயே நடந்திருக்கிறது.

சாம் செம்பெரிஸ் என்ற உளவியலறிஞர் 1992இல் அங்கு ஒரு திட்டம் தொடங்கினார். மனநோயும் பெரும்பாலும் போதைப்பழக்கமும் உடைய தெருவாசிகளிடம், முதலில் திருந்து, பிறகு வீடு என்று சொல்லாமல் முதலில் வீட்டுச்சாவியைக் கொடுத்தார். மருத்துவமும் பிற உதவியும் அவர்கள் விரும்பும்போது தொடர்ந்தன. 'வீடு முதலில்' என்று இன்று உலகெங்கும் அறியப்படும் முறை இதுவே. ஐந்தாண்டு முடிவில் அவருடைய குடியிருப்பாளருள் 88 விழுக்காட்டினர் வீட்டிலேயே நிலைத்திருந்தனர். படிப்படியாகத் திருத்தி வீடு தரும் மாநகரின் வழக்கமான முறையில் நிலைத்தவர் 47 விழுக்காட்டினர் மட்டுமே. இம்முடிவு வெளியானதும் சிங்கரின் படம் வெளியான அதே 2000ஆம் ஆண்டில்தான். நெஞ்சுக்குப் படமும் அறிவுக்குக் கணக்கும் ஓராண்டிலேயே கிடைத்தன. ஆள்வோர் இரண்டையும் பாராட்டினர்.

பின்லாந்து பாராட்டுவதோடு நிற்கவில்லை. 2008இல் இம்முறையை நாட்டுக் கொள்கையாக்கி, பழைய உறைவிடக் கூடங்களை வாடகை ஒப்பந்தத்தோடு கூடிய தனி வீடுகளாக மாற்றிற்று. அன்று அங்கே எண்ணாயிரத்துக்கும் மேலிருந்த வீடற்றோர் 2023இல் நாலாயிரத்துக்கும் குறைந்தனர். பின்லாந்து சிறிய நாடு, அமெரிக்கா பெரிய நாடு என்று மறுமொழி வரும். அமெரிக்காவின் செல்வமும் பெரிது என்பதை மட்டும் நினைவூட்டி மேலே செல்கிறோம்.

அமெரிக்காவின் இன்றைய நிலை என்ன? 2024 ஜனவரியில் ஓர் இரவில் எடுத்த கணக்கின்படி அந்நாட்டில் வீடற்றோர் 7,71,480 பேர். முந்தைய ஆண்டினும் இது 18 விழுக்காடு மிகுதி. வாடகைச் சீட்டுக்குத் தகுதியுடைய குடும்பங்களுள் நான்கில் ஒன்றுக்கே அது கிடைக்கிறது. சட்டப்படி உரிமை என்று அங்கே எவருக்கும் இல்லை. நிதியிருக்கும் வரை, வரிசையில் நின்றவருக்கு. நியூயார்க் மாநகர் அவ்வரிசையை ஏறத்தாழ பதினைந்தாண்டு மூடிவைத்திருந்து 2024 ஜூனில் திறந்தபோது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். அவர்களுள் இரண்டு லட்சம் பேரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்துக் காத்திருப்போர் பட்டியலில் சேர்த்தனர். தேர்ந்தெடுக்கப்பட்டோர்க்குக் கிடைத்தது வீடன்று, காத்திருக்கும் உரிமை.

சுரங்க வாழ்வும் ஒழியவில்லை; இடம் மாறியிருக்கிறது. சூதாட்ட மாளிகைகளின் ஒளிவெள்ளத்தில் மிதக்கும் லாஸ் வேகஸ் நகரின் அடியில் மழைவெள்ளம் வடிய அமைத்த கான்கிரீட் கால்வாய்ச் சுரங்கங்களில் நூற்றுக்கணக்கானோர் வாழ்கின்றனர். மேத்யூ ஓபிரையன் என்ற எழுத்தாளர் அவர்களைத் தேடிச்சென்று 2007இல் நூலெழுதினார். பின் அவர்களுக்கு உதவத் தொண்டமைப்பும் தொடங்கினார். நியூயார்க் சுரங்கத்தில் இல்லாத கொடுமை ஒன்று அங்கே உண்டு. பாலைநிலத்தில் எங்கோ பெய்த மழை சில நிமிடங்களில் சுரங்கத்துள் பாய்ந்து வரும். கட்டிலும் உடைமையும் அடித்துச்செல்லப்படும். ஆட்கள் மாண்டதும் உண்டு. அத்தடத்தில் தொடர்வண்டி விட எவருக்கும் தேவையில்லை. ஆகவே சீட்டேந்தி எந்த அமைச்சரும் அங்கு வரவில்லை.

இந்நிலையில் சட்டம் எப்பக்கம் சாய்கிறது? ஆரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் என்னும் சிறுநகர், பொதுவிடத்தில் போர்வை விரித்து உறங்குவோர்க்கு 295 டாலர் தண்டம் விதித்தது. உறங்க வேறிடம் இல்லாதவனை உறங்கியதற்காகத் தண்டிப்பது கொடுந்தண்டனை ஆகாதா என்ற வழக்கில், ஆகாது என்று 2024 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. உறக்கம் உடலின் இயற்கைத் தேவை, குற்றமன்று என்று நீதிபதி சோனியா சோட்டோமேயர் மாறுபட்டு எழுதினார். அவருடைய கருத்தே அறத்தோடு பொருந்துவது என்று நாம் கருதுகிறோம். ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே சட்டம் என்பார்கள். மாளிகையில் வாழ்பவன் எவனும் பூங்காவில் போர்வை விரிக்கப்போவதில்லை என்பது சட்டமியற்றியவர்களுக்குத் தெரியாதா?

அடுத்த அடி அதனினும் கடியது. 2025 ஜூலை 24 அன்று அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணை, 'வீடு முதலில்' முறைக்கு நடுவண் அரசுத் துறைகள் அளித்துவரும் ஆதரவை நிறுத்தப் பணிக்கிறது. தெருவில் வாழும் மனநோயாளரையும் போதைக்கு அடிமையானோரையும் கட்டாயமாக நிலையங்களில் அடைப்பதை ஊக்குகிறது. முப்பதாண்டு ஆய்ந்து, பல நாடுகளில் செய்துபார்த்து, பயனுண்டு எனக் கண்ட முறையைக் கைவிட்டு, கூடங்களில் அடைக்கும் பழைய முறைக்கே அந்நாடு திரும்புகிறது. அக்கூடங்களைத் தாங்கமாட்டாமல்தான் மனிதர் சுரங்கத்துக்குள் இறங்கினர் என்பதற்கு எண்பது நிமிடப் படச்சான்று அவர்கள் கையிலேயே இருக்கிறது.

இவ்வாணை தவறானது, திரும்பப் பெறப்படவேண்டும். அமெரிக்க நாடாளுமன்றம் வாடகை உதவிச் சீட்டைத் தகுதியுடையோர் அனைவருக்கும் சட்டப்படியான உரிமையாக்கவேண்டும். மாநகரங்கள் தாம் இடித்தொழித்த ஒற்றையறைகளை மீண்டும் கட்ட இடம்தரவேண்டும். இடம் காலியாகவேண்டும் என்ற நெருக்கடி வந்தபோது சுரங்கவாசிகளுக்குச் செய்துகாட்டியதை நெருக்கடி வராதபோதும் செய்ய அவ்வரசால் முடியும்.